பச்சை விளக்கும் சாய்வு நாற்காலியும்

செமஸ்டர் ரிசல்ட் வந்தாச்சாம். அரியர் எத்தனைன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்ல வேண்டாம். நட்பு நீடிக்கணும் பாருங்க!

இந்த வாரம் ரெண்டு ஊர்க் கதை. ஒண்ணு அமெரிக்காவுல, நியூயார்க்கை ஒட்டி இருக்கிற லாங் ஐலண்ட். இன்னொண்ணு நம்ம குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம். ரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டா, ஒரு கல்யாண வீட்டுல நான் பார்த்த பையன்தான் சம்பந்தம்.

கூட்டாளியோட தங்கச்சிக்குக் கல்யாணம்னு தேங்காய்ப்பட்டணம் போயிருந்தேன். பிரியாணி எல்லாம் முடிஞ்சு, வெயில் தாழ்ந்ததும் பொழிமுகம் பக்கமா ஒரு நடை போனோம். குழித்துறை ஆறு வந்து கடல்ல சேர்ற இடம் அது. இதுக்கும் தாமிரபரணின்னு ஒரு பேரு உண்டு. நெல்லைக்காரங்க சண்டைக்கு வராதீங்க, அது வேற, இது வேற. ஆத்துக்கு இந்தக் கரை தேங்காய்ப்பட்டணம், அந்தக் கரை இரயுமன்துறை. இருட்ட ஆரம்பிச்சதும் அக்கரையில ஒவ்வொரு விளக்கா எரிய ஆரம்பிச்சுது. காத்து செமையா இருந்துச்சு.

அங்க ஒரு பையன் தனியா நின்னுக்கிட்டு இருந்தான். காலேஜ் ரெண்டாம் வருஷமாம். கல்யாண வீட்டுல பந்தி பரிமாறி ஓடிக்கிட்டு இருந்தவன்தான். இப்ப மூஞ்சி வாடிக் கிடக்கு. பேச்சுக் கொடுத்தேன். முதல்ல 'ஒண்ணும் இல்லண்ணே'ன்னான். 'ஒண்ணும் இல்ல'ன்னு ஒருத்தன் சொன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். அஞ்சு நிமிஷத்துல எல்லாம் கொட்டிட்டான்.

பொண்ணு அவன் கிளாஸ். அவங்க வீட்டு முற்றத்துல ரெண்டு கார் நிக்கும். இவன் வாப்பா மீன் லோடு வண்டி ஓட்டுறாரு. "படிப்பு முடிஞ்சதும் துபாய் போயிருவேன்ணே. அஞ்சு வருஷம். வந்து வீட்டை மாடியாக் கட்டிட்டுப் போய் நின்னா தராம இருப்பாங்களா?" அக்கரை விளக்கைப் பார்த்துக்கிட்டேதான் கேட்டான்.

எனக்குப் பகீர்னு ஆச்சு. ஏன்னா கடலுக்கு இந்தக் கரையில நின்னு, அக்கரை விளக்கைப் பார்த்துக்கிட்டு, இதே கணக்கை ஒருத்தன் ஏற்கெனவே போட்டிருக்கான். அவன் பேரு கேட்ஸ்பி.

*

'தி கிரேட் கேட்ஸ்பி.' எழுதினவர் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட். 1925 ஏப்ரல்ல வந்த நாவல். இங்கிலீஷ் லிட்டரேச்சர் குரூப் மக்கள் "இதெல்லாம் எங்க சிலபஸ் பாஸ்"னு காலரைத் தூக்கிக்கலாம். மத்தவங்களுக்கு 2013-ல் வந்த படம் ஞாபகம் இருக்கும். டிகாப்ரியோ கோட்டு சூட்டோட கிளாஸைத் தூக்கிக்கிட்டுச் சிரிப்பாரே, அந்தப் படம். நம்ம அமிதாப் பச்சன் கூட அதுல கொஞ்ச நேரம் வந்துட்டுப் போவாரு. ஆனா படத்தைப் பார்த்துட்டு நாவலைப் படிச்சதா நினைச்சுக்காதீங்க. படத்துல பார்ட்டிதான் பெருசாத் தெரியுது. புத்தகத்துல பார்ட்டி முடிஞ்ச பிறகு வீட்டுல இருக்கிற அமைதிதான் பெருசு.

கதை இதுதான். வடக்கு டகோட்டாவுல ஒரு ஏழை விவசாயியோட பையன் ஜேம்ஸ் கேட்ஸ். பேரையே ஜே கேட்ஸ்பின்னு மாத்திக்கிட்டு வேற ஆளா ஆகத் துடிக்கிறவன். முதல் உலகப் போர் சமயம், 1917-ல், ராணுவ அதிகாரியா லூயிவில் ஊர்ல இருக்கும்போது டெய்சிங்கிற பணக்கார வீட்டுப் பொண்ணைப் பார்க்கிறான். யூனிஃபார்ம்ல ஒரு வசதி, எல்லாருக்கும் ஒரே சட்டை. உள்ளே இருக்கிறவன் பாக்கெட்ல காசு இருக்கா இல்லையான்னு வெளியில தெரியாது. ரெண்டு பேரும் விரும்புறாங்க. அவன் போருக்குப் போறான். திரும்பி வர நாள் ஆகுது. 1919-ல் டெய்சி, டாம் புக்கானன்ங்கிற பரம்பரைப் பணக்காரனைக் கட்டிக்கிறா. கல்யாணத்துக்கு முந்தின நாள் டாம் கொடுத்த முத்துமாலையோட மதிப்பு மூணரை லட்சம் டாலர். அன்னிக்கு ராத்திரி ஒரு கடிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு, குடிச்சுட்டு அழுதிருக்கா. மறுநாள் மாலையைப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டா.

கேட்ஸ்பி என்ன செஞ்சான்? தாடி வளர்க்கல. பாட்டுப் பாடல. சம்பாதிச்சான். அமெரிக்காவுல 1920-லிருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு. நம்ம ஊரு மாதிரியே அங்கயும் மதுவிலக்குன்னா யாரோ ஒருத்தர் கோடீஸ்வரர் ஆகணும். கள்ளச் சாராயம், இன்னும் என்னென்னமோ தில்லுமுல்லு. கோடி கோடியா குவிச்சான். டெய்சி வீட்டுக்கு நேர் எதிரே, கடல் உள்வாங்கின ஒரு குடாவுக்கு இந்தப் பக்கம் ஒரு மாளிகையை வாங்கினான். ஏன் அங்க வாங்கினான்? டெய்சி வீட்டுப் படகுத்துறை முனையில ராத்திரி பூரா ஒரு பச்சை விளக்கு எரியும். இவன் இருட்டுல தன் புல்வெளியில நின்னு அதைப் பார்த்துக் கையை நீட்டுவான்.

வாரா வாரம் பார்ட்டி. வெள்ளிக்கிழமை கூடை கூடையா ஆரஞ்சும் எலுமிச்சையும் வந்து இறங்கும். திங்கட்கிழமை சக்கை மட்டும் பின்வாசல் வழியாப் போகும். அரை மணி நேரத்துல 200 ஆரஞ்சு பிழியிற மெஷின் வேற! கூப்பிட்டவன், கூப்பிடாதவன் எல்லாரும் வர்றான். யாருக்கும் வீட்டுக்காரன் யாருன்னு தெரியாது. அத்தனையும் எதுக்கு? என்னிக்காவது ஒரு நாள் கூட்டத்தோட கூட்டமா டெய்சி உள்ளே வந்துட மாட்டாளாங்கிற ஒரே ஒரு எண்ணம்.

கடைசியில சந்திக்கிறாங்க. வீட்டைச் சுத்திக் காட்டுறான். அலமாரியைத் திறந்து சட்டை சட்டையா எடுத்து மேசை மேல வீசுறான். இங்கிலாந்துலேர்ந்து வந்த சட்டைங்க. டெய்சி அந்தச் சட்டைக் குவியல்ல முகத்தைப் புதைச்சு அழறா, இவ்வளவு அழகான சட்டைங்களை நான் பார்த்ததே இல்லைன்னு. முதல் தடவை படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சட்டைக்கு ஒருத்தி அழுவாளா? பத்து வருஷம் கழிச்சு மறுபடி படிச்சப்ப சிரிப்பு வரல. அஞ்சு வருஷம் முன்னாடி இந்தச் சட்டை அவன்கிட்ட இருந்திருந்தா கதையே வேற. அது அவளுக்குத் தெரியுது. அது தெரிஞ்சுதான் அழறாளோன்னு தோணுச்சு. உங்களுக்கு வேற மாதிரி தோணலாம்.

*

இந்த இடத்துல நிப்பாட்டிட்டுத் தேங்காய்ப்பட்டணத்துக்கு வருவோம்.

இந்த ஊருக்கு ஒரு எழுத்தாளர் உண்டு. தோப்பில் முஹம்மது மீரான். 1944-ல் இங்கதான் பிறந்தார். அப்ப இது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதனால அவர் பள்ளிக்கூடத்துல படிச்சது மலையாளம். அப்புறமா தமிழுக்கு வந்து, நம்ம வாத்தியார்கள் இலக்கணம் பார்த்துத் திட்டுற ஒரு தமிழ்ல, தன் தெருவுல உம்மாவும் வாப்பாவும் பேசுற அதே தமிழ்ல, எழுதித் தள்ளினார். பிழைப்புக்குத் திருநெல்வேலியில மிளகாய் வத்தல் வியாபாரம். மிளகாய் நெடியில தும்மிக்கிட்டே நாவல் எழுதுறது எப்படின்னு அவர்கிட்ட கேட்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. கேட்கல. 2019 மே மாசம் காலமாயிட்டார்.

அவரோட முதல் நாவல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', 1988-ல் புத்தகமா வந்துச்சு. அதுல வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளின்னு ஒருத்தர். ஊர்ல இருக்கிற தென்னந்தோப்பு, பள்ளிவாசல் நிர்வாகம், ஊர்க்காரங்க முதுகு எல்லாம் அவர் கையில. அவர் நடந்து வந்தா மத்தவங்க ஒதுங்கணும். அவருக்கு ஒரு மகள், ஆயிஷா. அவரோட சொந்தத் தங்கச்சி மகன் பரீது. முறைப்பையன்! வெளியாள் இல்ல, வேற மதம் இல்ல, வேற ஊர் இல்ல. ரெண்டு பேருக்கும் பிரியம். நம்ம ஊரு வழக்கப்படி பார்த்தா தானா நடக்க வேண்டிய கல்யாணம்.

நடக்கல. பரீதுகிட்ட காசு இல்ல. அவ்வளவுதான் காரணம். முதலாளி தன் மகளை அந்தஸ்து பார்த்து ஒரு பெரிய குடும்பத்துல கட்டிக் கொடுக்கிறார். மாப்பிள்ளைக்குப் புத்தி சுவாதீனம் இல்லைங்கிறது அந்தஸ்துக் கணக்குல வரல.

பரீது கேட்ஸ்பி மாதிரி மாளிகை வாங்கல. அவன்கிட்ட அதுக்கு வழியும் இல்ல. ஆனா கேட்ஸ்பி கதையில இருக்கிற இன்னொரு சங்கதி இங்க இருக்கு. அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது.

அந்த ஊர்ல மஹ்மூதுன்னு ஒருத்தர், சுறாப்பீலி வியாபாரி. சுறாப்பீலின்னா சுறா மீனோட துடுப்பு, காயவெச்சு வெளிநாட்டுக்கு ஏத்துறது. நாறுற தொழில், ஆனா காசு வரும். அப்படி நாலு காசு பார்த்த மஹ்மூது முதலாளி முன்னாடி குனியல. முதலாளிக்குத் தூக்கம் போச்சு! ஏன்? ஏழையை அவரால சகிச்சுக்க முடியும், ஏழை இருந்தாத்தான் முதலாளி. ஆனா நேத்து வரைக்கும் மீன் கூடை தூக்கினவன் இன்னிக்குச் சொந்தக் காசுல நிமிர்ந்து நிக்கிறதை அவரால சகிக்க முடியல.

டாம் புக்கானனும் இதே ஆளுதான். கேட்ஸ்பி எவ்வளவு சம்பாதிச்சாலும் டாம் கண்ணுக்கு அவன் எங்கிருந்தோ வந்த யாரோ. நாவல்ல குடாவுக்கு இந்தப் பக்கமும் பணக்காரங்க, அந்தப் பக்கமும் பணக்காரங்க. இந்தப் பக்கம் புதுப் பணம், அந்தப் பக்கம் பரம்பரைப் பணம். பார்வைக்கு ரெண்டும் மாளிகைதான். நடுவுல இருக்கிற தண்ணியை மட்டும் காசால தாண்ட முடியல. கேட்ஸ்பிக்கு இது கடைசி வரைக்கும் புரியல. பணம் இல்லாததாலதான் டெய்சி போனா, அதனால பணம் வந்தா டெய்சி வந்துருவான்னு நேர்க் கணக்கு போட்டான். பொண்ணு வீட்டுக்காரங்க பார்க்கிறது பணத்தை மட்டுமில்ல, அந்தப் பணத்துக்கு எத்தனை வயசுங்கிறதையும்தான்.

துபாய்க் காசுக்கு வயசு கம்மி மக்களே. குமரி மாவட்டத்து மேற்குப் பக்கம் போனீங்கன்னா தெரியும். ரோட்டோரம் பூரா பளபளன்னு மாடி வீடுங்க. அதுல எத்தனை வீடு பாலைவனத்து வெயில்ல ஒருத்தன் வேர்வை சிந்திக் கட்டினதுன்னு கேட்டுப் பாருங்க. பாதி வீட்டுல கட்டினவனே இருக்க மாட்டான். திரும்பவும் விமானம் ஏறியிருப்பான். வட்டி இருக்கே! எங்க ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அண்ணன் இப்படித்தான் ஒருத்திக்காகக் கிளம்பிப் போனார். ஆறு வருஷம். வந்து வீடு கட்டினார். பால் காய்ச்சினப்ப அந்தப் பொண்ணும் வந்திருந்தாங்க, புருஷனோட, ரெண்டு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு. "வீடு நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு, சாப்பிட்டுட்டுப் போனாங்க. அந்த அண்ணன் இதை எங்ககிட்ட சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.

*

மீரானோட இன்னொரு நாவலைச் சொல்லாம விட்டா மனசு ஆறாது. 'சாய்வு நாற்காலி.' 1997-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கின நாவல். கேட்ஸ்பிக்கு ஒரு அண்ணன் தேங்காய்ப்பட்டணத்துல பிறந்து, அவனுக்கு நேர் எதிரா வாழ்ந்தா எப்படி இருக்கும்? அதுதான் இந்தக் கதை.

முஸ்தபாக்கண்ணுன்னு ஒரு மனுஷன். அவர் குடும்பம் ஒரு காலத்துல ஓகோன்னு இருந்த குடும்பம். மூதாதையர் ஒருத்தர் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவுக்காக வாள் பிடிச்சவராம். அந்த ராஜா ஆண்டது 1729-லிருந்து 1758 வரைக்கும். அந்தப் பெருமையை இன்னமும் சப்பிக்கிட்டு, 'சவ்தா மன்ஸில்'ங்கிற பழைய பெரிய வீட்டுல, ஒரு சாய்வு நாற்காலியில, முஸ்தபாக்கண்ணு சாய்ஞ்சு கிடக்கிறார். வேலை? சீச்சீ, அதெல்லாம் நம்ம குடும்பத்துக்கு ஆகாது. ஆனா நாக்கு நீளம். வாய்க்கு ருசியா வேணும். வருமானம் இல்லாம ருசி எங்கிருந்து வரும்? வீட்டுல இருக்கிற சாமானை ஒண்ணொண்ணா விக்கிறார். தாத்தா காலத்துப் பாத்திரம் போகுது, மரச்சாமான் போகுது. ஒவ்வொரு சாமானும் ஒரு வேளைச் சாப்பாடா மாறுது. பக்கத்துல பெண்டாட்டி பட்டினி. அவளைக் கேட்க நாதியில்ல, அடிக்கப் பிரம்பு மட்டும் உண்டு.

யோசிச்சுப் பாருங்க. கேட்ஸ்பி ஒரு கனவுக்காக வீட்டை வாங்குறான். முஸ்தபாக்கண்ணு ஒரு கனவுல படுத்துக்கிட்டு வீட்டை விக்கிறார். ஒருத்தன் ராப்பகலா உழைக்கிறான், இன்னொருத்தர் எந்திரிக்கவே மாட்டேங்கிறார். ஆனா ரெண்டு பேர் கழுத்தும் பின்பக்கம்தான் திரும்பி இருக்கு. அங்க 1917, இங்க மகாராஜா காலம். நடந்து முடிஞ்சதை மறுபடி நடத்திக் காட்டலாம்னு கேட்ஸ்பி நிசமாவே நம்புறான். முஸ்தபாக்கண்ணுவோ அது இன்னும் முடியவே இல்லைன்னு நம்புறார்.

எனக்கு யார் மேல பரிதாபம் வருதுன்னு கேட்டா, கேட்ஸ்பி மேலதான். முஸ்தபாக்கண்ணு மேல கோபம்தான் வருது, அப்புறம் கொஞ்சம் பயமும் வருது. எங்க வீட்டுலயும் 'அந்தக் காலத்துல நம்ம குடும்பம்…'னு ஆரம்பிக்கிற பெரியப்பா ஒருத்தர் இருக்கார். உங்க வீட்டுலயும் இருப்பார். அவர் சொல்றதைக் கேட்டுக்கிட்டே நீங்க எதுல சாய்ஞ்சு உக்காந்திருக்கீங்கன்னு மட்டும் ஒரு தடவை பார்த்துக்கோங்க!

*

சரி, கேட்ஸ்பி என்ன ஆனான்?

நாவல்ல ஒரு இடம். நல்ல வெயில் காலம், நியூயார்க் ஹோட்டல்ல ஒரு ரூம். டாம், டெய்சி, கேட்ஸ்பி, இன்னும் ரெண்டு பேர். கேட்ஸ்பி டாம்கிட்ட நேராச் சொல்றான், டெய்சி உன்னை என்னிக்குமே விரும்பினது இல்லைன்னு. டெய்சியையும் அதைச் சொல்லச் சொல்றான். சும்மா 'உன்கூட வர்றேன்'னு சொன்னா அவனுக்குப் பத்தாது. நடுவுல போன அஞ்சு வருஷத்தையும் அவ அழிச்சுத் தரணும். அவ முதல்ல சொல்லிப் பார்க்கிறா, முடியல. ஒரு காலத்துல அவரையும் விரும்பினேன், உங்களையும் விரும்பினேன், நீங்க ரொம்ப அதிகமாக் கேக்குறீங்கன்னு உடைஞ்சு போறா.

என்னைக் கேட்டா நாவலோட உயிர் அங்கதான் இருக்கு. துப்பாக்கிச் சத்தம் எல்லாம் அப்புறம்தான் வருது. கேட்ஸ்பி அந்த ரூம்லயே செத்துட்டான். அஞ்சு வருஷமா அவன் விரும்பினது டெய்சியை இல்ல, தான் மனசுக்குள்ள கட்டி வெச்சிருந்த ஒரு டெய்சியை. அந்த டெய்சிக்கு வயசாகல, புருஷன் இல்ல, குழந்தை இல்ல. ரூம்ல உக்காந்திருக்கிற நிஜ டெய்சிக்கு மூணும் உண்டு. கேட்ஸ்பி அன்னிக்கே கொஞ்சம் முன்னாடி அந்தக் குழந்தையை நேர்ல பார்த்தப்ப, ஏதோ ஆச்சரியத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறான். அப்படி ஒண்ணு இருக்குன்னு அதுவரைக்கும் அவன் நம்பவே இல்ல!

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாச் சொல்றேன். கேட்ஸ்பியோட மஞ்சள் காரை டெய்சி ஓட்டிக்கிட்டு வரும்போது, டாமோட கள்ளக் காதலி அடிபட்டுச் சாகுறா. பழியை கேட்ஸ்பி ஏத்துக்கிறான். செத்தவளோட புருஷன் வந்து நீச்சல் குளத்துல வெச்சு அவனைச் சுட்டுடுறான். டாமும் டெய்சியும் மூட்டை கட்டிக்கிட்டு ஊரை விட்டே போயிடுறாங்க. ஒரு பூ கூட அனுப்பல.

சாவுக்கு யாரெல்லாம் வந்தாங்க தெரியுமா? பெத்த அப்பா, கதையைச் சொல்ற நிக், வேலைக்காரங்க நாலஞ்சு பேரு, ஒரு போஸ்ட்மேன். பார்ட்டிக்கு வந்த நூத்துக்கணக்கான ஆள்ல ஒரே ஒருத்தர் வந்தாரு. அந்த வீட்டுலயே மாசக்கணக்கா ஓசியில தங்கித் தின்னவன் ஒருத்தன் போன் பண்றான். துக்கம் விசாரிக்கவான்னு பார்த்தா, அவன் விட்டுட்டுப் போன டென்னிஸ் ஷூவை அனுப்பி வைக்கணுமாம்!

அந்த அப்பா ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் காட்டுறார். மகன் சின்ன வயசுல படிச்ச கௌபாய்க் கதை. கடைசிப் பக்கத்துல, 1906-ம் வருஷம்னு தேதி போட்டு, பையன் தன் கையால ஒரு டைம்டேபிள் எழுதி வெச்சிருக்கான். காலையில இத்தனை மணிக்கு எந்திரிக்கணும், உடற்பயிற்சி, படிப்பு, பணம் சேமிப்பு. நாமளும் பரீட்சைக்கு முன்னாடி கலர் ஸ்கெட்ச் வெச்சு டைம்டேபிள் போட்டவங்கதானே? அவன் அதைக் கடைப்பிடிச்சான், அதான் வித்தியாசம். அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்கு மனசு சரியில்ல. உழைப்புல குறை வெக்காத ஒருத்தன் தோத்துப் போறதை நம்ம பாடப் புத்தகங்கள் சொல்லிக் கொடுக்கிறது இல்ல.

ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இதெல்லாம் சொந்த அனுபவம். ஜெல்டாங்கிற பொண்ணு 1919-ல் நிச்சயத்தை முறிச்சுட்டா, வருமானம் பத்தாதுன்னு. மனுஷன் ஊருக்குப் போய் உக்காந்து நாவலைத் திருத்தி எழுதினார். 1920 மார்ச் கடைசியில முதல் நாவல் வெளியாகி ஹிட். ஏப்ரல் 3-ம் தேதி ஜெல்டாவோட கல்யாணம். பாருங்க, கணக்கு இவர் விஷயத்துல பலிச்சுது! பலிச்ச பிறகும் கல்யாண வாழ்க்கையில நிம்மதி இல்ல. 'கேட்ஸ்பி' வந்தப்ப அவர் எதிர்பார்த்த அளவுக்கு விக்கல. 1940-ல், 44 வயசுல, மாரடைப்புல போயிட்டார். தான் தோத்த எழுத்தாளன்னு நினைச்சுக்கிட்டே. ரெண்டாம் உலகப் போர் சமயம் அமெரிக்க சிப்பாய்களுக்கு இலவசமா ஒன்றரை லட்சம் பிரதிக்கு மேல கொடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் புத்தகம் பிச்சுக்கிட்டுப் போச்சு. பார்க்க அவர் இல்ல.

*

பொழிமுகத்துல அந்தப் பையன்கிட்ட இதையெல்லாம் இவ்வளவு விளக்கமாச் சொல்லல. கால்வாசி சொன்னதுக்கே அவன் கடுப்பாயிட்டான். "அப்ப என்னண்ணே, துபாய் போகக் கூடாதுங்கறீங்களா?"

எனக்குப் பதில் வரல. போகாதன்னு சொல்ல நான் யாரு? அவன் வாப்பாவோட முதுகுவலி எனக்குத் தெரியுமா? மகரூன்னு ஒரு தங்கச்சி இருக்காம், அவளைக் கரை சேர்க்கணுமாம். அவன் எப்படியும் போகத்தான் போறான். அவளுக்காகவும் போவான், மத்ததுக்காகவும் போவான்.

சும்மா ஒண்ணு கேட்டேன். "இந்த அஞ்சு வருஷக் கணக்கை அந்தப் பிள்ளைகிட்ட சொன்னியா?"

"இல்லண்ணே."

"அவளுக்கு உன்னைப் பிடிச்சிருக்கா?"

"பேசுவாண்ணே. நல்லாப் பேசுவா."

"அஞ்சு வருஷம் காத்திருப்பாளா, காத்திருக்க அவளுக்கு இஷ்டம் உண்டா, மேல படிக்கணுமா, என்ன நினைக்கிறா… ஏதாச்சும் கேட்டியா?"

பையன் என்னையே பார்த்தான். கேட்ஸ்பியும் கேக்கல, அகமதுக்கண்ணு முதலாளியும் கேக்கல. ஒருத்தன் விரும்பினவன், இன்னொருத்தர் பெத்தவர். ரெண்டு பேரும் அந்தப் பொண்ணுக்காகவே எல்லாத்தையும் செஞ்சாங்க, அந்தப் பொண்ணைத் தவிர மத்த எல்லார்கிட்டயும் கணக்குக் கேட்டு. ஆயிஷா என்ன நினைச்சாள்னு அந்த ஊர்ல யாருக்குக் கவலை?

"கேட்டா இல்லன்னு சொல்லிட்டா?"ன்னான். குரலே மாறிப் போச்சு.

துபாயை விட அந்தக் கேள்விக்குத்தான் அவன் அதிகமா பயப்படுறான்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. நான் ஒண்ணும் சொல்லல. கல்யாண வீட்டுலேர்ந்து யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, பாத்திரம் கழுவி அடுக்கணுமாம். கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ரெண்டு எட்டு வெச்சவன் நின்னான். பாக்கெட்லேர்ந்து போனை எடுத்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அப்புறம் காதுல வெச்சுக்கிட்டு, கல்யாண வீட்டுப் பக்கம் போகாம, மணல்ல இறங்கி ஆத்தோரமா நடக்க ஆரம்பிச்சான்.

'சாய்வு நாற்காலி'யும் 'கடலோர கிராமத்தின் கதை'யும் உங்க காலேஜ் லைப்ரரியில தமிழ் அலமாரியில தூசி தட்டினா கிடைக்கும். 'கேட்ஸ்பி' சின்னப் புத்தகம்தான், இங்கிலீஷ் தடுக்கினாலும் பரவாயில்ல, மெதுவாப் படிங்க. படிச்சுட்டு எழுதுங்க: டெய்சி மேல தப்பா, இல்லையா? பொண்ணுங்க எழுதுற கடிதத்துக்கு இந்தத் தடவை முதலிடம். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!